வெற்றிப் புகழ் யாருக்குரியது?

ஒரு போட்டி நிகழ்ந்து முடிந்தவுடன் அதன் பின்னே இரண்டாவது போட்டி ஒன்று தொடங்குதல் உலகியற்கை. முதற்போட்டி வெற்றியைப் பற்றியது. இரண்டாவது, அவ்வெற்றியின் புகழைப் பற்றியது. முதற்போட்டிக்குக் கால வரையறை உண்டு, மத்தியஸ்தர் உண்டு, ஊதுகுழல் ஒலித்ததும் முடிவு தெரிந்துவிடும். இரண்டாவதற்கு இவையொன்றும் இல்லை. ஆதலின் அஃது ஆண்டுக்கணக்காக நடைபெறுதலும் உண்டு. பாரதப்போரிலே பாண்டவர்க்கு வெற்றி தேடித் தந்தது அருச்சுனனது காண்டீவமா, அவனுக்குத் தேரோட்டிய கண்ணனது சூழ்ச்சியா என்று பட்டிமண்டபங்களிலே நாம் இன்றும் வழக்காடுகின்றோம் அல்லமோ?

ஆசிரியத் தொழில் புரிவார்க்கு இவ்வழக்கு வெறும் பொழுதுபோக்கன்று. மாணவன் ஒருவன் சிறப்புச் சித்தி எய்தினால், அஃது அவன் கண்விழித்துக் கற்றதன் பயனா, ஆசிரியர் தொண்டை வறளக் கற்பித்ததன் பயனா? பரிசளிப்பு விழாக்களிலும், பெற்றார் கூட்டங்களிலும், இதுபோன்ற யூபிலி மலர்களிலும் இவ்வினா வாய்திறந்து கேட்கப்படுவதில்லை. ஆயினும் அதற்கு விடைமட்டும் தவறாது அளிக்கப்பட்டு வருகின்றது. அவ்விடை சரியானதா என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை ஆராய்தற்கு எம்மூர் உதாரணங்களை எடுத்துக்கொள்ளின், உறவும் நட்பும் நன்றிக்கடனும் குறுக்கே நிற்கும், நடுவுநிலைமை கோடும். ஆதலின், நமக்கு உற்றாரும் பகைவரும் இல்லாத தூரதேசத்து வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டிலே இருபதாண்டுகளாக மக்கள் ஓயாது வாதிட்ட வழக்கு அது. வட அமெரிக்காவிற் குடியேறி வாழும் எம் பழைய மாணவரின் பிள்ளைகள் அதனை நன்கறிவர். ஏனையோர்பொருட்டு அவ்விளையாட்டின் இயல்பை முதலிற் சிறிது கூறுதல் வேண்டும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. அதிலே பந்தை உதைப்பது அருமை. கையாற் பிடித்தலும் எறிதலும் ஏந்திக்கொண்டு ஓடுதலுமே பெரும்பான்மை. 100 யார் நீளமான களத்திலே பக்கத்துக்குப் பதினொருவராக நின்று பொருதுவர். பந்தையுடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேறுதல் வேண்டும். முன்னேறின் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறின் பந்து எதிரணியைச் சேரும். தாக்கும் பதினொருவர் வேறு. தடுக்கும் பதினொருவர் வேறு. பந்தை உதைக்கவேண்டிய வேளையில் இறங்குவார் வேறு. தொழின்முறைச் சங்கத்து அணியொன்றின் பட்டியலிலே 53 வீரர் இடம்பெறுவர்.

தாக்கும் பதினொருவருக்கு நாயகனாய் நிற்பவனே குவாட்டர்பாக் எனப்படுவான். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலிற் கையேற்பவன் அவன். 300 இறாத்தலுக்கு மேல் நிறையுள்ள எதிரிகள் தன்னை வீழ்த்தப் பாய்ந்துவர, ஏறக்குறைய மூன்று செக்கனுக்குள், பந்தை யாருக்கு எறிவது, எறியாது ஓடுபவன் கையிற் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவன் துணிதல் வேண்டும். படைத்தலைவனும் வில்லாளியும் ஒருங்கே ஆனவன் அவன் எனலாம்.

பயிற்றுநரோ களத்தின் ஓரத்திலே நிற்பவர். வீரரைத் தெரிதல், பழக்குதல், எதிரியின் இயல்பை ஆராய்தல், ஒவ்வொரு முயற்சிக்கும் வியூகம் வகுத்தல் ஆகியன அவரும் அவர்தம் உதவியாளரும் செய்யுந் தொழில்கள். ஆதியில் அவரது அதிகாரம் இத்துணைப் பெரிதாக இருக்கவில்லை. ஆட்டம் நடைபெறும்போது ஓரத்திலிருந்து அறிவுரை கூறுதற்குத் தொழின்முறைச் சங்கம் அனுமதி வழங்கியது 1944 ஆம் ஆண்டிலேதான். 1994 முதல் குவாட்டர்பாக்கின் தலைக்கவசத்தினுள்ளே சிறு வானொலிக் கருவி பொருத்தப்பட்டது. அதன் வழியாகப் பயிற்றுநரின் குரல் அவன் காதுக்கே எட்டும். ஆனால் இதிலே நுட்பமான விதியொன்று உண்டு. அடுத்த முயற்சியைத் தொடங்குதற்கு 40 செக்கன் தவணை உண்டு. அதிலே 15 செக்கன் எஞ்சும்போது வானொலி தானே துண்டிக்கப்படும். அதன்மேற் கேட்பதற்கு எந்தக் குரலும் இல்லை. எதிரணி நிற்கும் நிலையைக் கண்டு, வகுத்த வியூகத்தைக் கொள்வதோ மாற்றுவதோ அவன் பொறுப்பே. இந்தப் பதினைந்து செக்கனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

இனி வழக்குக்கு வருவோம். 2000 ஆம் ஆண்டிலே நியூ இங்கிலாந்து பேற்றியட்ஸ் என்னும் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக வந்தார் பில் பெலிச்சிக். அவ்வாண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ரொம் பிறேடி என்னும் இளைஞரை அவ்வணி சேர்த்துக்கொண்டது. புதிய வீரரை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் அவ்வாண்டுத் தெரிவிலே பிறேடியின் இடம் 199. அவருக்கு முன் 198 பேர் தெரிவுசெய்யப்பட்டனர் என்றால், அவரது ஆற்றலை உலகம் எவ்வாறு மதித்தது என்பது சொல்லாமலே விளங்கும். முதலாண்டிலே அவ்வணி 5 ஆட்டங்களில் வென்று 11 இல் தோற்றது. மறுவருடம் 2001 இல், அணியின் குவாட்டர்பாக்காகிய ட்றூ பிளெட்சோ கடுங்காயமுற்று விழ, பிறேடி அவ்விடத்திற்கு வந்தார். அதன்பின் நிகழ்ந்தது சரித்திரம். 2002 தொடக்கம் 2019 வரை சுப்பர் பௌல் எனப்படும் இறுதிப்போட்டியை இவ்விருவரும் ஆறுமுறை வென்றனர். அவ்வணியிலே பிறேடி தொடக்கவீரராக இறங்கிய பருவகால ஆட்டங்களில் வெற்றி 219, தோல்வி 64.

இவ்வெற்றியைத் தந்தவர் பயிற்றுநரே என்பார் கூறுவன வருமாறு:

பிளெட்சோ சாமானியரல்லர். அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் 10 கோடி 30 இலட்சம் டொலர் மதிப்பில், பத்தாண்டுக்கு அவருடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அவர் காயம் ஆறித் திரும்பியபோது, அத்துணைப் பொருள் கொடுத்து வைத்திருந்தவரை ஓரத்தில் இருத்திவிட்டு, 199 ஆம் இடத்து இளைஞரையே தொடர்ந்து ஆடச்செய்தவர் பெலிச்சிக். தோற்றிருந்தால் ஊரார் அவரை என்ன கூறியிருப்பர்? பிறேடியைப் பிறேடி ஆக்கியது அந்தத் துணிவே.

அன்றியும், குவாட்டர்பாக் ஆட்டத்தின் பாதியிலேதான் களத்தில் நிற்பவர். எதிரி தாக்கும்போது அவர் வாங்கிலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பவரே. 2019 பெப்ரவரியிலே லொஸ் ஏஞ்சலிஸ் றாம்ஸ் அணியை 13க்கு 3 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது தடுப்பாரது ஆற்றலால் அன்றோ? 2015 இல் சியாற்றில் அணியுடன் நடந்த இறுதிப்போட்டியிலே, கடைசி அரை நிமிடத்தில் எதிரி எல்லைக்கு ஒரு யார் தூரத்திலே நின்றான். அடுத்த முயற்சியில் அவன் எறிந்த பந்தைப் பறித்து வெற்றியைக் காத்தவர் மால்கம் பற்லர் என்னும் புதுமுகம். எந்த அணியும் தெரிவுசெய்யாது விட்ட வீரர் அவர். எதிரி அன்று வகுத்த அதே வியூகத்தை அணியினர் முன்னரே பயிற்சியிற் பழகியிருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. இது பயிற்றுநரின் வெற்றி அன்றி வேறென்னை?

பெலிச்சிக்கின் திறமை பிறேடியோடு தோன்றியதுமன்று. 1991 சனவரியிலே நியூ யோர்க் ஜயன்ற்ஸ் அணி சுப்பர் பௌலை வென்றபோது, அதன் தடுப்புப் பகுதியைப் பயிற்றியவர் அவரே. அன்று அவர் வகுத்த திட்டம் கான்ரன் நகரத்துப் புகழ்மண்டபத்திலே வைக்கப்பட்டுள்ளது.

வெற்றி வீரருடையதே என்பார் கூறுவனவும் வலியுடையன. 2017 பெப்ரவரியிலே அற்லாந்தா அணியோடு பொருதபோது, மூன்றாங் காற்பகுதியிலே பேற்றியட்ஸ் 3க்கு 28 என்று பின்தங்கி நின்றது. அந்நிலையிலிருந்து மீண்டு 34க்கு 28 என்று வென்றது. வியூகம் எழுதிய தாள் பந்தை எறியுமா? நம்பிக்கை இழந்த பதின்மரை மீண்டும் மீண்டும் எழுப்பி நிறுத்தியது யார் குரல்? பற்லர் பந்தைப் பறித்த அதே 2015 ஆட்டத்திலே, கடைசிக் காற்பகுதியிற் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த அணியை முன்னே கொண்டுவந்து விட்டவரும் பிறேடியே. முன்னே நிற்காத அணிக்குக் காத்துக்கொள்ளுதற்கு வெற்றி ஏது?

மேலும், பிறேடி வருமுன் பெலிச்சிக் கிளீவ்லந்து அணிக்கு 1991 முதல் 1995 வரை தலைமைப் பயிற்றுநராயிருந்தார். அங்கே அவர் பெற்ற வெற்றி 36, தோல்வி 44. அப்போது அந்தச் சூழ்ச்சி எங்கே போயிற்று என்று இவர் வினவுவர்.

அளவை நூலார் ஒரு பொருளுக்குக் காரணம் இன்னதென்று துணிதற்கு அந்நுவயம், வெதிரேகம் என்னும் இரண்டு வழிகளைக் கூறுவர். அஃது உள்ளவிடத்து இதுவும் உளதாதல் ஒன்று. அஃது இல்லாதவிடத்து இதுவும் இலதாதல் மற்றொன்று. இருவரும் சேர்ந்திருந்த இருபதாண்டும் நாம் கண்டது அந்நுவயமே. அதனால் வழக்குத் தீராது. பிரிந்தாலன்றி வெதிரேகம் கிட்டாது.

2020 மார்ச்சிலே அவர்கள் பிரிந்தனர். பிறேடி ரம்பா பே அணிக்குச் சென்றார். அதற்கு முந்திய பருவத்திலே 7 வென்று 9 தோற்ற அணி அது. 2021 பெப்ரவரி 7 இல் அவ்வணி கன்சாஸ் சிற்றி அணியை 31க்கு 9 என்று வென்று சுப்பர் பௌலைக் கைக்கொண்டது. அப்போது பிறேடிக்கு வயது 43. அது அவரது ஏழாவது வெற்றி. எந்தத் தனி அணியும் தன் வரலாறு முழுவதிலும் ஏழுமுறை அதனை வென்றதில்லை. பெலிச்சிக்கின் அணியோ அவ்வாண்டு 7 வென்று 9 தோற்றது. 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களிலும் அவர் பெற்ற வெற்றி 29, தோல்வி 38. கடைசிப் பருவத்திலே 4 வென்று 13 தோற்றபின், 2024 சனவரியிலே அவர் அவ்வணியை விட்டு நீங்கினார்.

வழக்குத் தீர்ந்தது என்று பலர் அன்றே எழுதினர். யான் அத்துணை விரைந்து துணியேன். பிறேடி சென்றடைந்த இடத்திலே சிறந்த பந்துபிடிப்பார் முன்னரே இருந்தனர். தடுப்பாரும் வலியர், அவ்விறுதிப்போட்டியிலே கன்சாஸ் சிற்றி பந்தை ஒருமுறையேனும் எல்லை கடத்த அவர்கள் விட்டாரில்லை. பெலிச்சிக்கின் அணியிலோ, பெருநோய் காரணமாக எண்மர் அப்பருவம் முழுவதும் விலகிநின்றனர். பிறேடி முதலாட்டத்திலேயே முழங்காற் காயமுற்ற 2008 ஆம் ஆண்டையும் மறத்தலாகாது. அவரிடத்துக்கு வந்த மற் கசெல், உயர்தரப் பள்ளி நாட்களின் பின் ஓராட்டத்தையேனும் தொடக்கவீரராக ஆடியறியாதவர். அவரைக்கொண்டு அவ்வாண்டு பெலிச்சிக் 11 வென்று 5 தோற்றார். அதற்கு முந்திய வருடம் பிறேடியோடு அவ்வணி பருவகால ஆட்டம் 16 இலும் வென்றிருந்தது. பிறேடி இன்மையால் இழந்தது ஐந்து வெற்றி என்பர் ஒரு சாரார். பெலிச்சிக் இருந்தமையால் நிலைத்தது பதினொரு வெற்றி என்பர் மற்றொரு சாரார். ஒரே கணக்கு இரு கட்சியார்க்கும் சாட்சி கூறுகின்றது.

ஓரிடத்து வழக்கைக்கொண்டு பொதுவிதி வகுத்தல் தகாது. ஆதலின் வேறு சிலரையும் நோக்குவோம்.

கிறீன் பே என்னும் சிற்றூரின் அணி 1958 ஆம் ஆண்டிலே ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று, பத்தில் தோற்று, ஒன்றைச் சமனாக முடித்தது. மறுவருடம் வின்ஸ் லொம்பாடி என்பவர் பயிற்றுநராக வந்தார். எம் தொழிலினர் இவரைப்பற்றி ஒன்று அறிந்துகொள்ளல் நன்று. நியூ ஜேர்சி மாநிலத்துப் பள்ளியொன்றிலே இலத்தீனும் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்த ஆசிரியர் அவர். அவர் வந்தபோது, பின்னாளிற் பெரும்புகழ் எய்திய வீரருட் பலர் அத்தோற்ற அணியிலேயே இருந்தனர். குவாட்டர்பாக் பாட் ஸ்ரார் அவர்களுள் ஒருவர். 1956 இன் தெரிவிலே 200 ஆம் இடத்திற் கிடந்தவர். வீரர் பெரும்பாலும் அவரே, வந்தவர் ஒருவரே. முதற்பருவத்திலேயே அணி 7 வென்று 5 தோற்றது. 1961 முதல் 1967 வரையுள்ள ஏழு பருவங்களில் ஐந்துமுறை வெற்றிவாகை சூடிற்று. 1968 இல் லொம்பாடி பயிற்றுந் தொழிலை விட்டதும் வென்றதினும் தோற்றது மிகுந்தது. இங்கே வெதிரேகம் பயிற்றுநர் பக்கம் நின்று பேசுகின்றது. சுப்பர் பௌல் வெற்றிக்கிண்ணம் அவர் பெயராலேயே வழங்குதல் தக்கதே.

வாஷிங்ரன் அணியைப் பயிற்றிய ஜோ கிப்ஸ் 1983, 1988, 1992 ஆகிய ஆண்டுகளிலே மூன்று சுப்பர் பௌல்களை வென்றார். மூன்று வெற்றிக்கும் குவாட்டர்பாக் மூவர்: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மாக் றிப்பியன். இங்கும் பயிற்றுநர் பக்கமே வலிது. ஆயின் பேய்ற்றன் மானிங் என்னும் குவாட்டர்பாக்கோ, 2007 இல் இந்தியானாபொலிஸ் அணியிலே ரோனி டங்கியின் கீழும், 2016 இல் டென்வர் அணியிலே கரி கியூபியாக்கின் கீழும் வென்றார். பயிற்றுநர் மாறியும் வெற்றி மாறவில்லை. ஆதலின், பயிற்றுநரே என்றும் வீரரே என்றும் எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் ஒருபடித்தாக விதி கூறுவார் கூற்று நில்லாது. வழக்குத்தோறும் சாட்சியை ஆராய்ந்தே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

அவ்வாறாயின் நியூ இங்கிலாந்து வழக்கில் என் தீர்ப்பு யாதோ எனின், கூறுவல். இருக்கும் மாலை ஒன்றே, அதனை இருவர்க்கும் பாதி பாதியாக அறுத்துக் கொடுத்தல் ஆகாது என்றால், யான் அதனைப் பிறேடிக்கே சூட்டுவேன். அவர் பின்னர் வேறோர் அணியில் வென்றார் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. வேறொரு காரணமும் உண்டு.

சித்தாந்தம் பயின்றார் குடத்துக்குக் காரணம் மூன்று என்பர். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். பயிற்றுநர்க்கே முதன்மை கூறுவார் தம்மையறியாது இவ்வுவமையையே மனத்துட் கொண்டிருக்கின்றனர். பயிற்றுநர் குயவன், வீரன் மண், பிசைந்து வனைந்தவனுக்கே குடத்தின் புகழ் என்பது அவர் கருத்து. உவமை அழகியதே, ஆயினும் பொருந்தாது. மண் சடப்பொருள். குயவன் கையெடுத்தபின் அது தன்னைத்தானே வனைந்துகொள்வதில்லை. வீரனோ அறிவுடையவன். வானொலி துண்டிக்கப்பட்ட பின்னரும் பதினைந்து செக்கன் உண்டு. அதன் பின் எதிரி பாய்ந்துவரும் மூன்று செக்கனும் உண்டு. அந்நேரத்திலே பார்ப்பவனும் துணிபவனும் அடிபடுபவனும் அவனே. கையெடுத்த பின்னரும் தன்னை வனைந்துகொள்ளும் மண்ணை எந்தக் குயவன் கண்டான்? வனைந்த கைக்கு நன்றி கூறுதல் வேறு. வனைவே எல்லாம் எனல் வேறு.

நூற்றைந்து அரசிளங்குமரர்க்கும் துரோணரே ஆசிரியர். கற்பித்த வில்வித்தை ஒன்றே. கற்பித்த களமும் ஒன்றே. அவருள் அருச்சுனன் ஆனவன் ஒருவனே. ஆசிரியர் ஒருவராயிருக்கப் பயன் வேறுபடின், அவ்வேறுபாடு மாணாக்கனிடத்ததே என்பதை யார் மறுக்க வல்லார்? ஆயினும், துரோணர் இன்றி அருச்சுனன் இல்லை என்பதும் அத்துணை உண்மையே. பெலிச்சிக்கின் புகழும் அத்தகையதே. 199 ஆம் இடத்தில் அவ்விளைஞரை ஏற்றதும், ஒப்பந்தப் பொருளுக்கு அஞ்சாது அவரை நிறுத்தியதும், மால்கம் பற்லர் போன்ற பெயரறியாதார் பலரைப் பழக்கியதும், பின்னர் நேர்ந்த தோல்விகளால் அழிந்துபடுவன அல்ல. ஒருவர்க்கு முதன்மை கூறுதல் மற்றவரை இழித்தலாகாது.

நன்னூலாசிரியர் ஆசிரியர்க்கு உவமையாகக் கூறியவற்றுள் நிலமும் ஒன்று. மாணாக்கரை முத்திறமாக வகுத்த இடத்தும் இடைமாணாக்கர்க்கு உவமையாக அவர் கூறியவற்றுள் ஒன்று மண். மாணவர் பலர் இவ்விரண்டையும் வெவ்வேறு நாளிற் படித்துப் பரீட்சைக்கு ஒப்புவித்துவிடுகின்றனர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார் சிலரே. உழுபவன் முயற்சிக்குத் தக்கபடி விளைவு தருவது நிலத்தின் இயல்பு. ஆசிரியர் நிலமாயின் உழுபவன் மாணாக்கன். மாணாக்கன் மண்ணாயின் உழுபவர் ஆசிரியர். ஒருவர்க்கொருவர் நிலமும் ஒருவர்க்கொருவர் உழவருமாய் நிற்றலே கல்வி என்பது இதனாற் பெறப்படும். குயவனும் மண்ணும் என்னும் உவமையினும் இஃது எத்துணை உண்மையானது! பெலிச்சிக்கின் நுண்மதியைப் பிறேடி உழுதார்; பிறேடியின் உறுதியைப் பெலிச்சிக் உழுதார்; விளைந்தது ஆறு கிண்ணம்.

இனி, நம்மிடத்து வழங்கும் விடைக்கு வருவோம். அமெரிக்கப் பயிற்றுநரிடம் யான் கண்டு மதிக்கும் பண்பு ஒன்று உண்டு. அணி வென்றால் அவரைப் புகழ்வர். தோற்றாலோ, முதலிற் பதவியிழப்பவர் அவரே. ஆறு கிண்ணம் வென்றவரும் நான்கு வெற்றியோடு முடிந்த ஒரு பருவத்தின்பின் தம் இடத்தை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. அவரது கணக்கிலே வரவும் உண்டு, செலவும் உண்டு. பள்ளிக்கூடங்களாகிய நாம் எழுதும் கணக்கோ பெரும்பாலும் வரவை மட்டும் உடையது. மாணவன் சித்தியெய்தின் அது பள்ளியின் பெருமை, ஆசிரியரின் அருமை. தவறின், அவன் சோம்பேறி. வீட்டிலே கவனிப்பார் இல்லை. சேர்ந்த கூட்டம் சரியில்லை. விளைச்சல் கண்டவிடத்து உழவர் நாம். தரிசு கண்டவிடத்து மட்டும் குற்றம் நிலத்தினுடையது. இஃது எவ்வாறு நீதியாகும்?

ஆசிரியர்க்கு யான் கூறத் துணியும் முறை இதுவே. மாணவனது தோல்வியிலே நம் பங்கு யாதென்று முதலில் நாமே கேட்போம். அவனது வெற்றியிலே நம் பங்கை அவன் வாய் கூறும்வரை வாளாவிருப்போம். பரீட்சை மண்டபத்தின் வாயில் அடைக்கப்பட்டபின் நம் குரல் அங்கே எட்டாது. அவனுக்குரிய பதினைந்து செக்கன் அது. அதிலே அவன் துணிந்து எழுதியதை நாம் எழுதியதாகக் கூறிக்கொள்ளுதல் அழகன்று. அதேபோல, மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். குரல் துண்டிக்கப்பட்ட பின்னரும் உங்கள் செவியில் ஒலித்துக்கொண்டிருப்பது யாருடைய குரல் என்று எண்ணிப் பாருங்கள். அதனை மறந்து தனியே வென்றேம் என்று தருக்குதல் நன்றி கொன்றதாகும்.

முடிவாக ஒன்று. இவ்வளவு நேரமும் பயிற்றுநர், குவாட்டர்பாக் என்னும் இருவரைப்பற்றியே பேசினோம். 2002 பெப்ரவரியின் முதல் இறுதிப்போட்டியிலே, சென் லூயிஸ் றாம்ஸ் அணியோடு 17க்கு 17 எனச் சமநிலையில், ஒன்றரை நிமிடத்துக்கும் குறைந்த நேரமே எஞ்சியிருந்தது. துணிந்து முன்னேறுக என்றவர் பெலிச்சிக். எறிந்து முன்னேற்றியவர் பிறேடி. 48 யார் தூரத்திலிருந்து பந்தை உதைத்து வெற்றிப் புள்ளியைத் தந்தவரோ அடம் வினற்றியேரி. அவ்வெறிதல்கள் நடைபெறும்வரை எதிரிகளைத் தம் மார்பால் தாங்கி நின்ற முன்வரிசையார் ஐவர். அவர்களது பெயரைக் கேட்டால் அமெரிக்கரிலும் பலர் விழிப்பர். அவர் இன்றேல் மூன்று செக்கன் இல்லை, மூன்று செக்கன் இன்றேல் பிறேடி இல்லை, பெலிச்சிக்கும் இல்லை.

எந்தக் கல்லூரிக்கும் அத்தகைய முன்வரிசை ஒன்று உண்டு. பட்டம் பெறாதவர், பதவி எய்தாதவர், தோட்டத்திலும் கடையிலும் கந்தோரிலும் பாடுபட்டுத் தம் தம்பியரையும் பிள்ளைகளையும் அதே வகுப்பறைக்கு அனுப்பிவைத்தவர். மண்டபம் எழும்போது தம்மாலியன்ற சிறுதொகையைப் பெயர் குறியாது கொடுத்தவர். வைத்தியரும் பொறியியலாளரும் நீதிபதிகளும் யூபிலி மலரின் படங்களிலே வீற்றிருப்பர்; இவர்கள் வீற்றிருப்பதில்லை. புகழ் யாருக்குரியது என்று வழக்காடும் நாம், அதனைக் கேளாமலே தாங்கி நிற்பார் சிலர் உளர் என்பதையும் இந்நன்னாளில் நினைத்தல் கடன். கல்லூரி அன்னை தன் மக்கள் எல்லாரையும் அறிவாள். அவள் பல்லாண்டு வாழ்க!